விழத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு வகுப்பு

வங்காலைக் கரையிலை கருவாடு போடுற பெண்டுகளுக்குள்ளை றஞ்சிதத்தின்ரை வாய்க்கு ஈடு குடுக்க ஆள் இல்லை. மீனைக் கும்பமாக் கொட்டிப்போட்டு விலை சொல்லுற சம்மாட்டியையே, "மேலை கிடக்கிறதைக் காட்டாதையும், அடியிலை கிடக்கிறதை எடும் பாப்பம்" எண்டு மறிக்கிறவள். அப்பிடிப்பட்டவள், ரெண்டாயிரத்துப் பதின்மூண்டாம் ஆண்டு தை மாதம், மன்னார் ரவுணிலை ஒரு கராட்டி வகுப்பு வாசலிலை கமக்கட்டுக்குள்ளை ஒரு பைலை இடுக்கிக்கொண்டு ஒடுங்கி நிண்டாள்.

பைலுக்குள்ளை என்ன எண்டு கேளுங்கோ. குடும்ப அட்டை, கிராம சேவகரின்ரை கடிதம், மகளின்ரை பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானச் சான்றிதழ், முகாமிலையிருந்து விடேக்கை குடுத்த துண்டு, மீள்குடியேற்றப் பதிவு. சிரிக்காதையுங்கோ. நாலு வருசமா எந்த வாசலிலை போய் நிண்டாலும் அதுகளைத்தானே கேட்டவை. தகரத்துக்கும் கேட்டவை, அரிசிக்கும் கேட்டவை, வலைக்கும் கேட்டவை. கராட்டிக்கும் கேப்பினம் எண்டு அவள் நினைச்சதிலை என்ன பிழை?

ஒரு பக்கத்திலை மகள் ஜெனிஸ்ரா, ஒன்பது வயசு. மற்றப் பக்கத்திலை தாராபுரத்து றாபியா. றாபியா தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை வெளியேத்தேக்கை உடுத்த உடுப்போடை ஊரை விட்டுப் போய், புத்தளத்திலை இருபது வருசம் இருந்திட்டுத் திரும்பி வந்தவள். இப்ப றஞ்சிதத்திட்டைக் கருவாடு எடுத்து ரவுணிலை விக்கிறாள். விலை பேசேக்கை ரெண்டு பேரும் சண்டைச் சேவல்கள். மற்ற நேரமெல்லாம் ஒரு தட்டிலை சாப்பிடுற ஆக்கள். இந்தக் கராட்டி யோசனையே றாபியாவின்ரை யோசனைதான்.

ஏன் கராட்டி? அதைச் சொல்ல வேணும்.

ஜெனிஸ்ரா சத்தம் கேட்டால் விழுவாள். மயக்கம் இல்லை, வலிப்பும் இல்லை. கதவு அடிபட்டால் போதும், சட்டி விழுந்தால் போதும், கண் மூடித் திறக்க முதல் குப்புற நிலத்திலை கிடப்பாள். நாடி நெஞ்சோடை ஒட்டியிருக்கும். ரெண்டு கையும் காதைப் பொத்தியிருக்கும். வாய் திறந்திருக்கும். பிறகு அப்பிடியே கிடப்பாள், ஆரும் தூக்கும் வரைக்கும்.

அதைப் படிப்பிச்சது ஆரெண்டு நினைக்கிறியள்? பெத்த தாய்தான். றஞ்சிதம் வங்காலையிலை பிறந்து விடத்தல்தீவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். சண்டை துரத்தத் துரத்த, புருசன் பேதுருவும் அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிழக்காலை ஓடி ஓடி, கடைசிக் கடற்கரை வரைக்கும் போய்த்தான் முகாமுக்கு வந்தவை. பிள்ளைக்கு அப்ப நாலு முடிஞ்சு அஞ்சு. ஆனா ஆவன்னா சொல்லிக்குடுக்க முதல் தாய் இதைச் சொல்லிக்குடுத்தாள். விளையாட்டு மாதிரித்தான். தகரக் கோப்பையைத் தட்டுவாள், பிள்ளை விழவேணும். வடிவா விழுந்தால் ஒரு துண்டு பனங்கட்டி. நாடி மேலை நிண்டால் பனங்கட்டி இல்லை. பத்து நாளிலை பிள்ளை வலு சுத்தமாப் பழகியிட்டாள். ஒருக்கால், தண்ணிக்கு வரிசையிலை நிக்கேக்கை ஷெல் வந்து விழ, அந்தப் பழக்கந்தான் அவளைக் காப்பாத்தினது. முன்னுக்கு நிண்ட பெரிய ஆக்கள் எழும்பேல்லை. பிள்ளை கிடந்தாள், உயிரோடை.

அதாலை றஞ்சிதம் அந்தப் பழக்கத்தைத் திட்டவும் மாட்டாள். ஆனால் சண்டை முடிஞ்சு, முகாமும் முடிஞ்சு, வங்காலைக்கு வந்து மீன் வாடி போட்டு, கருவாட்டு மணத்துக்குள்ளை சீவியம் திரும்ப ஓடத் தொடங்கின பிறகும் பிள்ளை விழுந்துகொண்டே இருந்தாள்.

பள்ளிக்கூடத்திலை ஒரு பொடியன் இதைக் கண்டுபிடிச்சான். பின்னுக்குப் போய் மேசையிலை ஓங்கி ஒரு தட்டு. பிள்ளை நிலத்திலை. வெள்ளைச் சட்டை புழுதி. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பிறகு அது அவங்களுக்கு இடைவேளை விளையாட்டாப் போச்சு. றஞ்சிதம் கேள்விப்பட்டு, கருவாட்டுக் கையோடையே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கிழி கிழியெண்டு கிழிச்சாள். கத்தி முடிச்சுத் திரும்பிப் பாத்தால், பக்கத்திலை நிண்ட மகள் நிலத்திலை கிடக்கிறாள். தாயின்ரை சத்தத்துக்கே விழுந்திட்டாள்.

அண்டைக்குப் பிறகு அந்த வாயாடி வீட்டிலை குசுகுசுத்துத்தான் கதைச்சாள். பேதுரு கடலாலை வந்து, "என்னடியப்பா, தொண்டை கட்டியிட்டோ?" எண்டு கேட்டான். அவள் மகள் இருந்த பக்கம் கையைக் காட்டினாள். மார்கழி விடுதலை முடிஞ்சும் பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிண்டிட்டாள். மெல்லப் படிக்கிற பிள்ளையெண்டால் பரவாயில்லை, இவள் கெட்டிக்காரி. புலமைப் பரிசில் வகுப்புக்குப் போகவேண்டிய வயசு. வீட்டுக்குள்ளை பாயிலை இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருந்தாள். இப்பிடியே இருந்தால் இந்தப் பிள்ளையின்ரை கதி என்ன எண்டு றஞ்சிதம் றாபியாவிட்டைச் சொன்னாள்.

"அடிக்கப் பழக்கு புள்ள," எண்டாள் றாபியா. "ஒருத்தனுக்கு ஒரு உதை வுட்டாப் போதும், மத்தவன் மேசையத் தொடமாட்டான். டவுன்ல கராட்டி இருக்கு, நான் கூட்டிட்டுப் போறன்."

அப்பிடித்தான் அந்த வாசல்.

முதல் பாக்கேக்கை றஞ்சிதம் ஆவெண்டு வாயைப் பிளந்தாள், பொய் சொல்லக்கூடாது. சுவர் முழுக்கக் கேடயம், கிண்ணம். வெள்ளை உடுப்பிலை நாப்பது பிள்ளையள் வரிசையா. மாஸ்ரர் மூண்டு கூரை ஓட்டை ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கி, வெறுங்கையாலை ஒரே போடு. மூண்டும் தூள். "மாதாவே!" எண்டாள் அவள். "ஒவ்வொரு மூண்டு மாசத்துக்கும் ஒரு பட்டி, அம்மா. ரெண்டு வருசத்திலை உங்கடை பிள்ளையை உங்களுக்கே அடையாளம் தெரியாது," எண்டார் மாஸ்ரர். பைலை நீட்டினாள். அவர் திறந்தும் பாக்கேல்லை.

பிறகு நாப்பது பிள்ளையளும் ஒரே மூச்சிலை கத்தினதுகள். ஜெனிஸ்ரா விழுந்தாள்.

நாப்பதும் சிரிச்சது. மாஸ்ரர் சிரிக்கேல்லை, அதைச் சொல்லத்தான் வேணும். ஆனால் செய்த வேலை அதிலும் மோசம். "பயத்தைப் பயத்தாலைதான் எடுக்கவேணும்," எண்டு சொல்லி நாலு பெரிய பொடியங்களைக் கூப்பிட்டுப் பிள்ளையைச் சுத்தி நிப்பாட்டி, கத்தச் சொன்னார். முதல் கத்தலுக்கு றஞ்சிதம் பொறுத்தாள். படிச்ச மனுசன், ஏதும் தெரிஞ்சுதான் செய்வார் எண்டு நினைச்சாள். ரெண்டாவது கத்தலுக்குப் பிள்ளை நிலத்துக்குள்ளை புகுந்திடுவாள் போலை ஒடுங்கினாள். றஞ்சிதம் பாஞ்சுபோய் வாரி எடுத்தாள். மாஸ்ரருக்குக் கிட்டப் போனாள். வாயிலை வந்தது எவ்வளவு தெரியுமோ? ஆனால் கத்தேலாது, தோளிலை பிள்ளை. அதாலை குசுகுசுத்தாள். "கோதாரி விழுவான், ஓட்டை உடைச்ச மாதிரி என்ரை பிள்ளையையும் உடைக்கப் பாக்கிறியோ?" அந்த மனுசனுக்கு அவள் கத்தியிருந்தால் கூட அவ்வளவு பயம் வந்திருக்காது. முகம் வெளுத்துப் போச்சு.

ரெண்டாவது வகுப்பு தானாகத் தேடி வந்தது. ஏதோ ஒரு நிறுவனம், பெண் பிள்ளையளுக்குத் தற்காப்புப் பயிற்சி, மூண்டு நாள். பெரிய பதாகை, ஆளுக்கொரு ரீசேட், பத்து மணிக்கு பணிஸ், மத்தியானம் சோத்துப் பார்சல். கொழும்பிலையிருந்து வந்த ஒரு பிள்ளை தலையணையைத் தூக்கிப் பிடிச்சு, கண்ணிலை குத்துங்கோ, முழங்காலாலை இடியுங்கோ எண்டு சொல்லிக்குடுத்தது. சிரிச்ச முகம், கத்தாத வாய். ஜெனிஸ்ரா முதல் நாள் ரெண்டு தரந்தான் விழுந்தாள். றஞ்சிதத்துக்கு நம்பிக்கை வந்தது. மூண்டாம் நாள் சான்றிதழ் குடுக்கிற நேரம், மேடையிலை கட்டியிருந்த பலூன் ஒண்டு வெயிலுக்கு வெடிச்சது. பிள்ளை சான்றிதழோடை விழுந்தாள். படம் எடுக்கிறவன் அதையும் ஒரு படம் எடுத்தான். பின்னேரம் வாகனம் புழுதி கிளப்பிக்கொண்டு போச்சு, அவ்வளவுதான். "பாவம், நல்ல பிள்ளையள்தான்," எண்டாள் றஞ்சிதம். "ஆனால் மூண்டு நாளிலை கட்டாக் கருவாடே காயாது, றாபியாக்கா. இதுக்குள்ளை பயம் காயுமோ?"

அந்த ரெண்டிலையும் அவள் ஒண்டு பழகியிட்டாள். மீன் கும்பத்தை எப்பிடிப் பாக்கவேணுமோ அப்பிடித்தான் வகுப்பையும் பாக்கவேணும். ஓடு உடைக்கிற கையை, முன்வரிசையிலை காலைத் தலைக்கு மேலை தூக்குற கெட்டிக்காரப் பிள்ளையைப் பாத்தால் ஏமாந்து போவம். அதுகள் மேலை கிடக்கிற மீன். அடியிலை கிடக்கிற பிள்ளை எது, அந்தப் பிள்ளையை அங்கை என்ன செய்யினம், அதைத்தான் பாக்கவேணும். இதை ஆரும் அவளுக்குச் சொல்லேல்லை. தன்ரை பிள்ளைதான் எல்லா இடத்திலையும் அடிமீன் எண்டு கண்டபிறகு வந்த புத்தி.

மாசி மாதம் றாபியா திரும்பவும் வந்தாள். "இன்னொண்டு கிடக்கு. எங்கட தாராபுரத்துலதான். ஆனா பாத்தா நீ சிரிப்பாய்."

அந்த ஊர் வஸீர் நானா எண்டவரின்ரை பழைய உப்புக் களஞ்சியம் அது. பேர்ப் பலகை இல்லை, கேடயம் இல்லை. தகரக் கூரை. நிலத்திலை கட்டுக்கரைப் பக்கத்து வயலிலை அள்ளின வைக்கோலைச் சாக்கிலை திணிச்சு, நெருக்கி அடுக்கி, அதுக்கு மேலை தறப்பாள் விரிச்சுத் தைச்சிருந்தினம். எந்தத் தறப்பாள்? மீளக் குடியேறேக்கை எல்லாருக்கும் கொட்டிலுக்குக் குடுத்ததுதான். நீல எழுத்து இன்னும் அழியேல்லை. றஞ்சிதத்தின்ரை குடும்பம் ஒண்டரை வருசம் அதுக்குக் கீழைதான் படுத்தது. இஞ்சை பிள்ளையள் அதுக்கு மேலை வெறுங்காலோடை நிண்டதுகள், கோதுமை மாச் சாக்குத் துணியிலை தைச்ச தடிச்ச சட்டையோடை.

சொல்லிக்குடுக்கிறவள் நிறஞ்சலா. முப்பது வயசு இருக்கும், ஒல்லி, ஒரு பெரிய காத்தடிச்சால் பறந்திடுவாள். சின்னனிலை படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய், அங்கை அகதி முகாமிலை வளந்து, பள்ளிக்கூடத்திலை இந்த வித்தையைப் பழகி, போன வருசந்தான் ஊருக்குத் திரும்பினவள். கதை பேச்செல்லாம் அந்தப் பக்கத்துச் சாயல்.

"இது கராட்டியோ, ரீச்சர்?"

"இல்லீங்க அக்கா, ஜூடோ."

"அடிக்கிறது எப்ப சொல்லிக்குடுப்பியள்?"

"அடிக்கிறது இதுல இல்லைங்க."

"உதைக்கிறது?"

"அதுவும் இல்லை. பிடிக்கிறது, விழுத்துறது. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசம் விழுறதுக்குத்தான் பழக்குவோம்."

"விழவோ!"

றஞ்சிதம் றாபியாவைத் திரும்பிப் பாத்த பார்வையிலை பச்சை மரமும் பத்தியிருக்கும். விழுறதுக்கு என்ரை பிள்ளைக்கு வகுப்பு வேணுமோ? அதுக்கு நானே வகுப்பு எடுப்பனே! மகளின்ரை கையைப் பிடிச்சாள், வெளிக்கிட்டாள். "பஸ்ஸுக்கு இன்னும் முக்கா மணித்தியாலம் கிடக்கு. வெயில்ல நிண்டு காயப்போறியா? இரு புள்ள," எண்டு றாபியா இழுத்து இருத்தினாள்.

சரியெண்டு இருந்தாள். இருந்தால் சும்மா இருக்கிறவளோ? கண் அடிமீனைத் தேடினது.

கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. ஒரு சின்னப் பெட்டை, இடது கால் சூம்பினது, காலிலை ஷெல் துண்டு பட்ட தழும்பு. அவளோடை பிடிக்க வந்தது அந்த வகுப்பிலையே உயரமான பெட்டை, மற்றவளிலும் ஒரு முழம் கூட. றஞ்சிதத்துக்குப் பதறினது. எழும்பி நிண்டிட்டாள். பெரியவள் சின்னவளின்ரை சட்டைக் கையைப் பிடிச்சாள், திரும்பினாள், இடுப்பிலை ஏத்தினாள், சின்னவள் காத்திலை ஒரு சுத்துச் சுத்தி நிலத்துக்கு வந்தாள். ஐயோ எண்டு றஞ்சிதம் வாயைப் பொத்தினாள்.

ஆனால் பாருங்கோ, பெரியவள் அந்தச் சட்டைக் கையை விடேல்லை. விழுத்தினவளே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்! சின்னவளின்ரை தலை நிலத்திலை படாமல், அவளின்ரை பாரத்தைத் தன்ரை கையிலை தாங்கி, முட்டையை வைக்கிற மாதிரி வைக்கிறாள். பிறகு சின்னவள் சிரிச்சுக்கொண்டு எழும்பினாள். ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக் குனிஞ்சு வணக்கம் சொன்னதுகள். பிறகு சின்னவளின்ரை முறை. அந்தச் சூம்பின காலை வைச்சுக்கொண்டு அவள் பெரியவளைத் தூக்கி எறிஞ்சாள்! அவளும் கையை விடேல்லை.

றஞ்சிதம் திரும்ப இருந்தாள். அவளும் எத்தினையோ விழுத்தலைக் கண்டவள். விழுத்திப்போட்டுப் போனவங்களைக் கண்டவள், விழுந்தவனிலை ஏறி மிதிச்சவங்களைக் கண்டவள். விழுத்தினவன் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதை அவள் சீவியத்திலை காணேல்லை. "இதென்ன ரீச்சர், கையை விடுறேல்லையோ?" எண்டு கேட்டாள்.

"விட்டா அன்னைக்கு அவங்களுக்கு வகுப்பு கிடையாதுங்க அக்கா," எண்டு நிறஞ்சலா சாதாரணமாச் சொன்னாள்.

அந்த நேரம் பாத்துத்தான் நடந்தது. இருபது பிள்ளையளும் வரிசையாப் பின்பக்கமா விழுந்து, ஒரே நேரத்திலை கையாலை தறப்பாளிலை ஓங்கி அறைஞ்சதுகள். வெறுங் களஞ்சியம், தகரக் கூரை, படார் எண்டு ஒரு சத்தம். ஜெனிஸ்ரா சீமெந்திலை குப்புறக் கிடந்தாள்.

இருபதும் திரும்பிப் பாத்தது. றஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்புக்குக் காத்திருந்தாள். ஒண்டையும் காணேல்லை. கண்ணைத் திறந்தால், நிறஞ்சலா பிள்ளைக்குப் பக்கத்திலை முழங்காலிலை இருக்கிறாள். தொடேல்லை, தூக்கேல்லை. கடிதம் வாசிக்கிற மாதிரி உத்துப் பாக்கிறாள், நாடியை, கழுத்தை, முழங்கையை.

"எல்லாரும் மெதுவா இங்க வாங்க," எண்டு கூப்பிட்டாள். "நல்லாப் பாருங்க. தாடை எங்க இருக்கு? நெஞ்சுல. நாலு மாசமா நான் உங்களுக்குக் கத்துறேனே, தலையைக் காப்பாத்துங்க, தலையைக் காப்பாத்துங்கன்னு. இந்தப் பிள்ளை சிமென்டுல விழுந்திருக்கு, ஒரு கீறல் இல்ல. அக்கா, இவளுக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

முந்தின ரெண்டு வகுப்பிலையும் றஞ்சிதம் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. குற்றவாளி மாதிரி நிண்டு, "நான்தான்," எண்டாள். "சண்டைக்குள்ளை. நான்தான் படிப்பிச்சனான்."

நிறஞ்சலா அந்தச் சண்டையைக் காணாதவள், கடலுக்கு அங்காலை இருந்தவள். அண்ணாந்து றஞ்சிதத்தைப் பாத்த பார்வையிலை ஒரு மரியாதை இருந்தது. பிறகு மெல்லக் கேட்டாள்.

"எழும்புறதுக்குச் சொல்லிக்குடுத்தீங்களா அக்கா?"

"அதுக்கு நேரம் கிடைக்கேல்லை," எண்டாள் றஞ்சிதம்.

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே விளங்கினது. விழு எண்டு நூறு தரம் சொல்லியிருக்கிறாள். எழும்பு எண்டு ஒருக்காலும் சொல்லேல்லை. ஒவ்வொரு தரமும் தானே வாரித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். பிள்ளை இத்தினை வருசமும் தூக்குறதுக்குத்தான் காத்துக்கொண்டு கிடந்தாள்.

நிறஞ்சலா பிள்ளையின்ரை காதுக்குக் கிட்டக் குனிஞ்சாள். "அவசரமில்லம்மா, கிட. இவங்களும் இப்ப உன்னை மாதிரி விழப்போறாங்க." கையைக் காட்டினாள். அல்லாவிட்டைக் கேளுங்கோ, யேசுவிட்டைக் கேளுங்கோ, இது நடந்தது. அந்த இருபது பிள்ளையளும், உயரமானவளும் கால் சூம்பினவளும், ஜெனிஸ்ராவைச் சுத்திச் சீமெந்திலை குப்புறப் படுத்ததுகள். நாடியை நெஞ்சிலை வைச்சு, காதைப் பொத்தி, வாயைத் திறந்து. ஒருத்தர் சிரிக்கேல்லை. ஜெனிஸ்ரா ஒரு கண்ணைத் திறந்து பாத்தாள். தன்னைச் சுத்தி இருபது பேர் கிடக்கினம். மற்றக் கண்ணையும் திறந்தாள்.

"இப்ப எழும்புறது. முதல்ல மூச்சை விடுங்க. ஒரு கை ஊணுங்க. ஒரு முழங்கால். மத்தது. எதிர்ல இருக்கிறவங்க கண்ணைப் பாருங்க."

இருபதும் எழும்பினது. இருபதோடை இருபத்தொண்டா ஜெனிஸ்ராவும் எழும்பி நிண்டாள். ஆரும் தூக்காமல். நாலு வருசத்துக்குப் பிறகு ஆரும் தூக்காமல்! றாபியா முக்காட்டுத் தலைப்பாலை முகத்தைத் துடைச்சு, "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்," எண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். றஞ்சிதம் கமக்கட்டுக்குள்ளை கிடந்த பைலை நீட்டினாள்.

"இதெல்லாம் எதுக்கு அக்கா? சனிக்கிழமை வர அவளுக்கு விருப்பமான்னு கேளுங்க."

கேக்கத் தேவையில்லாமல், "ஓம்," எண்டாள் ஜெனிஸ்ரா.

அதோடை எல்லாம் சரியாப் போச்சு எண்டு சொன்னால் நான் பொய்க்காரன். முதல் மாசம் ஒவ்வொரு அறைச் சத்தத்துக்கும் பிள்ளை விழுந்தாள், எழும்பினாள், விழுந்தாள், எழும்பினாள். ரெண்டாம் மாசம் தானே கையாலை தறப்பாளிலை அறையப் பழகினாள். தொடக்கத்திலை தன்ரை அறைக்கே விழுந்தாள். பிறகு மெல்ல மெல்ல, அந்தச் சத்தம் தன்ரை கையாலைதான் வருது, தான் வேணுமெண்டால் வரும், வேண்டாமெண்டால் வராது எண்டு அவளுக்கு விளங்கத் தொடங்கினது. வீட்டிலை பாயை விரிச்சுப்போட்டு அறைஞ்சுகொண்டே இருப்பாள். "என்ரை கடவுளே, வீடு இடிஞ்சு விழப்போகுது," எண்டு பேதுரு சொல்லுவான். ஆனால் நிப்பாட்டச் சொல்லேல்லை.

பங்குனியிலை பள்ளிக்கூடம் போனாள். மேசைப் பொடியன் காத்திருந்தவன்தானே, தட்டினான். விழுந்தாள். ஆனால் உடனை எழும்பினாள், சட்டையைத் தட்டினாள், வகுப்பிலை செய்யிற பழக்கத்திலை அவனைப் பாத்துக் குனிஞ்சு ஒரு வணக்கமும் வைச்சாள். பொடியன் பேயறைஞ்சவன் மாதிரி நிண்டான். ரெண்டு மூண்டு தரம் தட்டிப் பாத்தான், ஒவ்வொரு தரமும் வணக்கம். ஒரு கிழமையிலை அந்த விளையாட்டு அவங்களுக்கே அலுத்துப் போச்சு.

ஆனாலும் விழுறது நிக்கேல்லை. சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஆனியும் போச்சு. எதிர்பாராமல் சத்தம் வந்தால் இன்னும் விழத்தான் செய்தாள். றஞ்சிதம் நேத்தி வைச்சாள், வங்காலைக் கோயில் ஆனாளம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். "ரீச்சர், என்ரை பிள்ளை ஒரு நாளும் நிக்கமாட்டாளோ?" எண்டு கேட்டாள். நிறஞ்சலா, "தெரியாதுங்க அக்கா," எண்டு உள்ளதைச் சொன்னாள். அந்தப் பதிலுக்காகவே றஞ்சிதம் அவளை இன்னும் நம்பினாள்.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை. வைக்கோல் நசிஞ்சு மெத்தை தட்டையாப் போனதாலை, தாய்மாரெல்லாம் வந்து சாக்கைப் பிரிச்சுப் புது வைக்கோல் திணிச்சு, வலை ஊசியாலை தறப்பாளைத் தைச்சுக்கொண்டிருந்தினம். ஏழு பேர். றஞ்சிதமும் றாபியாவும் பக்கத்திலை பக்கத்திலை இருந்து, கருவாட்டு விலையிலை பிடுங்குப்பட்டுக்கொண்டு தைச்சினம். மற்றப் பாதியிலை பிள்ளையள் சோடி சோடியா நிண்டு பழகினதுகள். புகையிரதப் பாதைக்குக் கல் ஏத்துற லொறியள் அந்த றோட்டாலை நாள் முழுக்கப் போய்வாற காலம் அது.

களஞ்சியத்துக்கு நேர முன்னாலை ஒரு லொறியின்ரை ரயர் வெடிச்சது.

தகரக் கூரை அதிர்ந்தது. றஞ்சிதத்துக்குப் பிறகு ஒண்டும் தெரியாது. தெரிய வரேக்கை அவளின்ரை முகம் தறப்பாளிலை கிடந்தது, வைக்கோல் மணத்தது. கை ரெண்டும் காதிலை. வாய் திறந்திருக்குது. பக்கத்திலை றாபியாவும் கிடக்கிறாள், தொண்ணூறுக்கு முதல் குண்டுக்குப் படுத்துப் பழகினவள்தானே, அங்காலை மற்றத் தாய்மாரும். ஏழு பேரும் ஒரே மாதிரி. ஒருத்தருக்கும் எழும்பத் தெரியேல்லை. நிறஞ்சலா மட்டும் சுவரோடை சாஞ்சு, ரெண்டு கையாலையும் வாயைப் பொத்தி, இந்தப் பெண்டுகளைப் பாத்துக்கொண்டு நிண்டாள்.

றஞ்சிதம் கன்னம் நிலத்திலை இருக்கத்தக்கதாகக் கண்ணை மட்டும் உருட்டினாள். என்ரை பிள்ளை எங்கை கிடக்கிறாள்? நிலத்தோடை நிலமாத் தேடினாள். நிலத்திலை பிள்ளை இல்லை.

கால்களைத்தான் கண்டாள். வரிசையா வெறுங்கால்கள், எல்லாம் நேர நிக்குது. அதுக்குள்ளை ஒரு சோடிக் கால், வலது பெருவிரலிலை நண்டு கடிச்ச வடு. பெத்தவளுக்குத் தெரியாத காலோ! நடுங்குது. கொடுகொடெண்டு நடுங்குது. ஆனால் நிக்குது. என்ரை ஆண்டவரே, நிக்குது!

றஞ்சிதத்துக்கு அழுகை குமுறிக்கொண்டு வந்தது. ஆனால் உடம்பு அசையேல்லை. கையைக் காதாலை எடுக்கப் பாத்தாள், கை கேக்கேல்லை. இத்தினை வருசமாப் பிள்ளையைத் தூக்கித் தூக்கித் திரிஞ்சவள், தனக்கும் எழும்பத் தெரியாதெண்டதை அண்டைக்குத்தான் அறிஞ்சாள்.

அந்தக் கால்கள் நடந்து வந்ததுகள். ஜெனிஸ்ரா முழங்காலிலை இருந்தாள். தொடேல்லை, தூக்கேல்லை.

"அம்மா, அது லொறி ரயர். அவசரமில்லை. முதல் மூச்சை விடுங்கோ."

றஞ்சிதம் விட்டாள்.

"ஒரு கையை ஊண்டுங்கோ. ஓம். இப்ப ஒரு முழங்கால். மற்றது. என்ரை கண்ணைப் பாருங்கோ."

பாத்தாள். பிள்ளையின்ரை முகம் வேர்த்திருந்தது, உதடு வெளுத்திருந்தது, கண் மட்டும் அசையாமல் தாயைப் பிடிச்சிருந்தது. அந்தக் கண்ணைப் பிடிச்சுக்கொண்டு றஞ்சிதம் எழும்பி நிண்டாள். மகள் குனிஞ்சு வணக்கம் சொன்னாள். தாய்க்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, அவளும் குனிஞ்சாள்.

பிறகு ஜெனிஸ்ரா றாபியாவுக்குப் பக்கத்திலை போய் முழங்காலிலை இருந்தாள்.

"றாபியா மாமி, முதல் மூச்சை விடுங்கோ."